சேலையால் வீட்டை அளந்தவர்கள் யார், தெரியுமா?

பம்பாய் நடைபாதையில் குடிசை போட்டிருந்த ஒரு சேலத்துக்காரரை, குடிசையை இடித்த கையோடு குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பிவிட்டார்கள், தெரியுமா? நடந்தது 1981 ஜூலை 23. மனைவியும் மூன்று பெண்களும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி, மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்துகொண்டார்! சினிமாக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் அச்சில் இருக்கிற விவரம் இது.

அந்தத் தீர்ப்பு அவரைப் பற்றி இன்னும் சொல்கிறது. நிலமில்லாத கூலி. மழை பொய்த்துப் பிழைப்பு போனதால் 1961இல் பம்பாய்க்கு வந்தவர். நாள் சம்பளம் 23 ரூபாய். மேற்கு விரைவுச் சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் கேன்வாஸ் துணியும் போர்த்திய ஒரு மறைப்புக்கு அந்தப் பகுதி தாதா அவரிடம் கறந்த தொகை 2,500 ரூபாய்! நூறு நாளுக்கும் மேற்பட்ட கூலி. நடைபாதையில் கிடப்பது இலவசம் என்று இன்னமும் நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வழக்கின் பெயர் ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி. ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதல்வர் ஏ. ஆர். அந்துலே அறிவித்ததும் ஓல்கா கோர்ட்டுக்குப் போனார். நடைபாதைவாசிகளும் தனியே மனுப் போட்டார்கள். 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பை உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பிழைப்புக்கான உரிமை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது அது. ஆகா! ஆனால் அதே தீர்ப்பின் மறு பாதி பலருக்கும் தெரிவதில்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அகற்றலாம். மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31 வரை தொடாதே. 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அட்டை வைத்திருப்பவருக்கு மாற்று இடம் கொடு. அட்டை இல்லாதவருக்கு? அங்கேதான் சிக்கல். 1976இல் எண்ணப்பட்டவை குடிசைப் பகுதிகள். நடைபாதையை யாரும் எண்ணவே இல்லையே!

சரி, எண்ணாதவர்களை எண்ணியது யார் தெரியுமா? அவர்களேதான்!

1984இல் ஷீலா பட்டேல், பிரேமா கோபாலன் முதலான சிலர் சேர்ந்து ஸ்பார்க் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அலுவலகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகத்துக்குப் பின்னால் ஒரு கார் ஷெட். நடைபாதைப் பெண்கள் நினைத்தபோது வந்து உட்கார ஓர் இடம். தீர்ப்பு வந்த அதே 1985இல் அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பைகுல்லா நடைபாதைகளில் ஏறக்குறைய 6,000 குடும்பங்களை எண்ணி முடித்தார்கள். அறிக்கைக்கு வைத்த பெயர், ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்ற பொருளில். நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பல வருடமாக அதே இடத்தில் இருப்பவர்கள் என்று அதில்தான் தெரிந்தது. வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் படுக்க வேண்டியிருந்தது, அதனால் நடைபாதை. ரயில் பாஸ் காசும் மிச்சம்.

கணக்கெடுத்த கையோடு மகிளா மிலன் என்ற பெண்கள் கூட்டமைப்பு உருவானது. தினசரி சேமிப்பு! மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்றெல்லாம் இல்லை. ஒரு பெண் குடிசை குடிசையாகப் போவாள், இருப்பதைக் கொடுப்பார்கள், ஒரு ரூபாயானாலும் சரி, இல்லையென்றால் நாளைக்கு. இதில் பணம் பாதி விஷயம்தான். தினமும் வாசலுக்கு வருகிறவளுக்கு யார் வீட்டில் காய்ச்சல், யார் புருஷன் அடிக்கிறான், யாருக்கு ரேஷன் கார்டு வரவில்லை என்பது எல்லாம் தெரிந்துவிடும். இந்தத் துறையில் உழைப்பவர்கள் ‘பயனாளியைக் கண்டறிதல்’ என்று கனமாக எழுதுகிற வேலையை இவர்கள் சில்லறை வசூலோடு சேர்த்து முடித்துவிட்டார்கள்.

இப்போது அந்தச் சேலை விஷயம். உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டால், பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே பிள்ளை பெற்றவள் என்ன சொல்வாள்? வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை. அடிக்கணக்கு தெரியாது. உடுத்தியிருக்கும் சேலையின் நீளம் தெரியும்! சேலையை அளவுகோலாக்கி, இத்தனை நீளம், இத்தனை அகலம், உயரம் இவ்வளவு என்று முடிவு செய்தார்கள். ஓர் அறைதான், ஆனால் 14 அடி உயரம் இருக்கட்டும், பாதியில் ஒரு மாலா போட்டுக்கொண்டால் மேலே பிள்ளைகள் தூங்கலாம், கீழே சமைக்கலாம் என்ற யோசனை அப்படிப் பிறந்தது. தாராவியில் கோலி என்கிற ஓரறை வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த மாலாவின், அதாவது பரணின், அருமை தெரியும். பிறகு மரச்சட்டமும் துணியும் வைத்து நிஜ அளவிலேயே மாதிரி வீடுகளை எழுப்பிக் கண்காட்சி வைத்தார்கள். அதிகாரிகள் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். கட்டடக்கலை படித்தவர்களுக்கு அந்தப் பெண்கள் விளக்கம் சொன்னார்கள்! உலகத்தின் பல நாடுகளில் இன்றைக்கு ஏழைகளின் அமைப்புகள் இப்படி நிஜ அளவு மாதிரி வீட்டைக் கட்டிக் காட்டுகின்றன. பைகுல்லா அதற்கு முன்னோடி.

ஸ்பார்க், மகிளா மிலன் கூட்டணியின் மூன்றாவது கால் ஒரு தமிழர், தெரியுமா? கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜாக்கின் அற்புதம். 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர். தெருவில் படுத்த அனுபவமும் உண்டு. செம்பூருக்கு அப்பால், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் குடியேறினார். குப்பை அள்ள மாநகராட்சி வரவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம் கட்டச் சொல்லி, ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டச் செய்தார்! அலறிக்கொண்டு வந்தது வண்டி.

அந்தக் காலனியை அணு ஆராய்ச்சி மையம் கேட்டது. கோர்ட், டெல்லி, இந்திரா காந்தி வரைக்கும் போய்ப் போராடினார் ஜாக்கின். நெருக்கடி நிலை வந்தது. 1976 மே 17 அன்று புல்டோசர் இறங்கி, ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த காலனி தரைமட்டமானது. டிராம்பே கழிமுகத்தை ஒட்டிய சீத்தா கேம்ப்பில் அவர்களுக்கு இடம் காட்டப்பட்டது. இன்றைக்கும் அங்கே தமிழ்க்குரல் கேட்காத சந்து கிடையாது. தோற்ற மனிதர் எடுத்த முடிவுதான் ஆச்சரியம். இடிக்க வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதிலேயே ஆயுள் போகிறது, இனி நாமே கணக்கெடுத்து, நாமே திட்டம் போட்டு, அரசாங்கத்தின் மேசையில் வைப்போம் என்று அவர் திரும்பினார். 1970களின் நடுவில் அவர் தொடங்கியிருந்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஸ்பார்க்கோடும் மகிளா மிலனோடும் கைகோத்தது. அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. ஷீலா பட்டேலுக்கும் அதே வருடம் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் அற்புதம் காலமானார். நம் ஊர்ப் பாடப்புத்தகம் எதிலாவது இவர் பெயரைப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

(இந்த மூன்று அமைப்புகளின் கூட்டணியைப் பற்றி உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுக் கட்டுரையை எழுதியவரும் தமிழ்க் குடும்பத்துப் பம்பாய்க்காரர்தான்: மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை. அவர் தந்தை எஸ். ஏ. அய்யர், நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பிரசார அமைச்சர். எங்கே தொட்டாலும் எங்கோ போய் முடிகிறது!)

தாராவிக்கு வருவோம். 1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்கு வந்த ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் தாராவிக்கு ஒரு பங்கு. அரசாங்கம் தாராவியில் சுமார் 55,000 குடும்பம் இருக்கும் என்று சொன்னது. கூட்டமைப்பு நம்பவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு சந்து சந்தாக இறங்கியது. கிடைத்த விடை: 86,000 கட்டுமானங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் குடும்பங்கள், 5.3 லட்சம் மக்கள்! அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திட்டத்தில் விடுபட்ட பாதிப் பேரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாராவியிலேயே ராஜீவ் இந்திரா என்ற கூட்டுறவு வீட்டுச் சங்கம் பில்டர் யாரையும் அண்டாமல், கூட்டணியின் துணையோடு, சிட்டி பேங்க் கடனில் தன் கட்டடங்களைத் தானே எழுப்பி, மிஞ்சிய வீடுகளை விற்றுச் செலவை ஈடுகட்டியது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் வந்தபோது நடைபாதைவாசிகளும் முதன்முறையாக வீட்டுக்கு உரியவர்கள் ஆனார்கள். ஒரே நிபந்தனை, 1995 ஜனவரி 1 வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் கார் ஷெட்டில் தொடங்கிய கணக்கெடுப்பும் ரேஷன் கார்டு அலைச்சலும் அன்றைக்குக் கைகொடுத்தன! பைகுல்லா நடைபாதைக் குடும்பங்கள் பிற்பாடு மான்குர்தில் மிலன் நகர் என்று ஒரு குடியிருப்பையே கண்டன.

வீடில்லாதவருக்கு ஓட்டு எப்படி என்கிறீர்களா? தேர்தல் ஆணையத்தின் விதியைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்! படிவம் 6இல் ‘இந்த மேம்பாலத்துக்குக் கீழே’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில் அந்த இடத்துக்கு வந்து, ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது, ஒன்றுக்கு மேல்! உறுதியானால் முகவரிச் சான்று எதுவும் கேட்கக் கூடாது. ஆதாரைக் கொண்டுவந்தபோதும் இப்படி ஒரு வழி வைத்தார்கள். காகிதமே இல்லாதவருக்கு ‘அறிமுகம் செய்பவர்’ ஒருவர் உறுதி கொடுத்தால் பதிவு செய்யலாம் என்று. விதி ஏட்டில் இருக்கிறது. நடப்பில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே போய் நிற்கிற ஆள் வேண்டும். மும்பையில் யுவா, பெஹ்சான் போன்ற அமைப்புகளின் களப்பணியாளர்கள் நாள் முழுதும் செய்வது அநேகமாக இதைத்தான். அலுவலர் வருகிற ராத்திரியில் நம் ஆள் இடம் மாறிப் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்த்தி!

2001இல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில், லட்சம் பேருக்கு ஓர் இரவு விடுதி, ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு இடம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் அதையே எழுதிக்கொண்டு, விடுதியில் தங்குபவருக்கு ரேஷன், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, வீட்டுத் திட்டம் வரை தொடர்பு ஏற்படுத்தித் தர வேண்டும் என்றது. ஒண்ணே கால் கோடிப் பேர் வாழும் மும்பைக்கு 120க்கு மேல் விடுதி வேண்டும். அந்த எண்ணிக்கையை மும்பை எட்டிப் பார்த்ததே கிடையாது. வீடற்றவர்களை எண்ண 2011 பிப்ரவரி 28 என்ற ஒரே ராத்திரியை ஒதுக்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மும்பையில் 57,000 பேருக்கு மேல் தேறினார்கள். அந்த ஒரு ராத்திரி கண்ணில் படாதவர்கள் தனி.

அடுத்தது ரயில். தண்டவாளத்தை ஒட்டிக் குடிசைகள், வாசலைத் தாண்டினால் லோக்கல் ரயில். ரயில் வேகத்தைக் குறைத்து ஊர்ந்தது, மனிதர்கள் அடிபட்டார்கள். உலக வங்கிக் கடனில் மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் வந்தபோது இந்தக் குடிசைகளை அகற்ற வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரியில் ரயில்வே திடீரென்று இடிக்கத் தொடங்கியது. கூட்டமைப்பு கொதித்தெழுந்து தடுத்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் 60,000 பேர், போலீஸ் தடியில்லாமல், தாங்களே சாமான்களைக் கட்டிக்கொண்டு இடம் மாறினார்கள்! எப்படி? குடிசைக் கதவில் எண். ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு. எழுதிய பட்டியலை அந்தக் குடியிருப்பிலேயே ஒட்டிவிடுவார்கள். என் பெயர் விட்டுப்போச்சு, அவன் இங்கே இருந்ததே இல்லை என்ற சண்டையெல்லாம் எல்லார் எதிரிலும் நடக்கும். பொய்ப் பேர் உதிர்ந்துவிடும். அப்புறம் ஐம்பது ஐம்பது குடும்பமாகக் குழு பிரிந்து, பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் புதிய இடத்திலும் பக்கத்திலேயே இருக்கும்படி கூட்டுறவுச் சங்கம் அமைப்பார்கள். பாதிப் பேர் முதலில் தற்காலிக வீட்டுக்குப் போய், பிறகு 225 சதுர அடி வீட்டுக்கு. இதைப் பார்க்க நைரோபியிலிருந்து கென்யா ரயில்வே அதிகாரிகள் மும்பைக்கு வந்து, தங்கள் ஊர்த் தண்டவாளக் குடிசைகளுக்கும் இதே வழியை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால் நம்புவீர்களா?

கைதட்டும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே திட்டத்தின் சாந்தாகுரூஸ் - செம்பூர் இணைப்புச் சாலையில் கடை வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும் தங்களை யாரும் சரியாகக் கேட்கவில்லை என்று உலக வங்கியின் விசாரணைக் குழுவிடமே புகார் கொடுத்தார்கள். 2006 மார்ச்சில் வங்கி பணத்தைச் சில மாதம் நிறுத்தியே வைத்தது! மாற்றாகக் கிடைத்த வீடுகளும் எல்லாம் சொர்க்கமில்லை. மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டிலும் கோவண்டி நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கீழ்த் தளங்களில் வெயில் எட்டாது. காசநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2018இல் டாக்டர்கள் ஆய்வாகவே வெளியிட்டார்கள். செம்பூருக்கு அடுத்த மாகுலில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே குடியேற்றப்பட்டவர்கள் காற்று சரியில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். வீடு கொடுத்தோம் என்று கணக்கை மூடுகிறவர்கள் மாகுலில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்.

செம்பூரில் இன்னொரு வியப்பு. பிச்சை எடுத்தால் ஜெயில் மாதிரி ஓர் இல்லத்தில் அடைக்கலாம் என்கிறது 1959ஆம் ஆண்டு பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம். முதல் தடவை மூன்று வருடம் வரை, மறுபடி பிடிபட்டால் பத்து வருடம் வரைகூட! (நாம் மார்தட்ட வேண்டாம், சென்னை மாகாணச் சட்டம் 1945லேயே வந்துவிட்டது.) பிடிபடுகிறவர்களில் பலர் பிச்சைக்காரர்களே இல்லை, வேலை முடிந்து தெருவில் படுத்தவர்கள். செம்பூரில் உள்ள அந்த இல்லத்துக்குள் 2006 முதல் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் கோஷிஷ் என்ற திட்டம் வேலை செய்கிறது. உள்ளே இருப்பவருக்குத் தொழில் பயிற்சி, வேலை கொடுப்பவரை அங்கேயே வரவழைத்து நேர்காணல், வெளியே வந்தால் தங்க இடம். 2018இல் பீகார் முசாபர்பூர் காப்பகக் கொடுமையை வெளிக்கொண்டு வந்த ஆய்வும் இதே கோஷிஷ் குழுவுடையதுதான்!

மனநலம் குன்றி வீதியில் திரிபவர்களுக்கு? மும்பை மனநல மருத்துவர் பரத் வட்வானி 1988இல் மனைவியோடு தொடங்கிய ஷ்ரத்தா மறுவாழ்வு நிலையம் அவர்களைக் கர்ஜத்துக்குக் கூட்டிப்போய்க் குணப்படுத்தி, ஊரும் பேரும் நினைவு வந்ததும் வீடுவரை கொண்டுபோய் விடுகிறது. அவருக்கு 2018இல் மகசேசே. போக வீடே இல்லாத பெண்களுக்குச் சென்னையின் பான்யன் வேறு வழி கண்டது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய அமைப்பு அது. 2015 முதல், ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக முடங்கியவர்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு பிடித்துக் குடிவைக்கிறார்கள். முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்று 1992இல் நியூயார்க்கில் தொடங்கிப் பின்லாந்து தேசியக் கொள்கையாகவே ஆக்கிக்கொண்ட எண்ணத்துக்கு இது உறவுமுறை.

கடைசியாக, தாராவியில் சொந்தக்காரர் இருப்பவர்கள் கவனிக்க! தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய சர்வேயில் மறுபடியும் கதவுக்குக் கதவு எண் போட்டார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் இருப்பதற்குக் காகிதம் உள்ளவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. மாலாவில், அதாவது மேல் தளத்தில் குடியிருப்பவருக்கு வெளியேதான், தவணையில் வாங்கிக்கொள்ளும் வாடகை வீடு. ஒரே சந்து, ஒரே ஏணி, ஏணியின் மேல்படியில் இருப்பவர் தாராவிக்கு வெளியே! ஆகவே போனைப் போட்டு மாமாவிடம் கேளுங்கள்: பழைய லைட் பில் யார் பேரில் இருக்கிறது, 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் அத்தை பேர் வந்ததா, ஒட்டியிருக்கிற பட்டியலைப் போய்ப் பார்த்தார்களா?